தட்டிவிட்டு நிற்கணும்

எடப்பாடி மாமா தீக்குச்சியை உரசப் போன நேரத்தில் உஷாராணி ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் குச்சிகளெல்லாம் சாணி தெளித்த வாசலில் சிதறின. கேட்டுக்கு வெளியே பத்தாயிரம் வாலா சரவெடி ஒன்று ரோட்டோரமாக நீட்டி விரிக்கப்பட்டிருந்தது.

“ஏனுங்க மாமா, வெடி வேண்டாம்னு காத்தாலயே சொல்லிப்போட்டனுங்களே!”

“என்னது?” என்று மாமா கத்தினார். முப்பது வருஷம் விசைத்தறிச் சத்தத்துக்குள் நின்ற மனுஷன். அவர் காதில் ஒன்றும் விழாது. அவர் பேசினாலோ அடுத்த ஊருக்கு விழும்.

“கத்தாதீங்கன்னு சொல்றனுங்க!” என்று அவளும் கத்தினாள்.

“எழுவத்தஞ்சு வயசு மனுசன் போயிருக்கறாரு. வெடி இல்லாம கொட்டு இல்லாம எடுக்கறதுக்கு அவரென்ன அனாதப் பொணமா புள்ள?”

பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த ஒறம்பரைச் சொந்தக்காரத் தலைகள் எல்லாம் ஒட்டுக்காகத் திரும்பின. அதுதானே, என்று ஒரு கிழவர் சொன்னார். அப்பா படுக்கையில் கிடந்த நாலு மாதத்தில் இரண்டு சாத்துக்குடியோடு எட்டிப் பார்க்காத கூட்டம் இது. இன்றைக்கு அவருடைய கௌரவத்துக்குக் காவல் நிற்கிறது. மானங்கெட்ட ஜென்மங்கள் என்று உஷாராணி மனதுக்குள் சொல்லிக்கொண்டு, தீப்பெட்டியை இடுப்பில் செருகினாள்.

வீட்டுக்குப் பின்னால் நாற்பது தப்படி நடந்தால் கோழிக் கொட்டகை. நாலாயிரம் முட்டைக்கோழி. முப்பது வாரத்துக் கோழி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முட்டை வைக்கிற பருவம். அந்தப் பருவத்தில் கோழி மிரண்டால் மிரண்டதுதான். கூண்டுக்குள்ளேயே அடித்துக்கொண்டு இறக்கை ஒடியும், வயிற்றுக்குள் முட்டை உடைந்து சாகும், தப்பிப் பிழைத்தது வாரக்கணக்கில் ஓடில்லாத தோல்முட்டை போடும். நாமக்கல் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் எழவு வீடு என்று வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது. காலையிலேயே வீட்டுப் பக்கத்துச் சாக்குப் படுதாக்களை அவள் கீழே இறக்கிவிட்டாள். அழ வந்த பெண்களைக்கூட உள்ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தித்தான் அழவிட்டாள். அதற்கும் ஒருத்தி, “அப்பன் செத்ததுக்கு அழுவறதுக்குக் கூடவா கோழிகிட்டக் கேக்கோணும்?” என்று முனகினாள்.

ஆமாம், கேட்கத்தான் வேண்டும். செத்துப்போன அப்பா கருப்பண்ணன் அப்படித்தான் கேட்டுக்கொண்டு வாழ்ந்தார்.

அவர் ஒன்றும் பிறந்ததிலிருந்து சாந்த சொரூபி இல்லை. போர் போடுகிற ரிக்கு வண்டியில் ஆந்திரா, ஒரிசா என்று பாறையைத் துளைத்துக்கொண்டு திரிந்த ஆள். குழம்பில் உப்புக் கூடினால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். ஊருக்கு வந்து முதல் ஈடு குஞ்சு இறக்கின வருஷம், அப்போது உயிரோடிருந்த அம்மாவோடு ஏதோ சண்டை. அந்தக் கோபத்தோடு குஞ்சுக் கொட்டகைத் தகரக் கதவை எட்டி உதைத்துத் திறந்தார். மிரண்ட குஞ்செல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அடியில் அகப்பட்டது நசுங்கி மூச்சு முட்டிச் செத்தது. நூற்று நாற்பது குஞ்சு. அவரே குழி வெட்டி அவரே புதைத்தார். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்கப்புறம் கொட்டகைக் கதவை மூன்று முறை தட்டாமல் அவர் திறந்ததில்லை. தட்டிவிட்டு உடனே நுழையவும் மாட்டார். கதவில் கை வைத்தபடி நிற்பார். சில நாள் ஒரு நிமிஷம், சில நாள் ஐந்து நிமிஷம். உள்ளே போகிறபோது எப்போதும் அதே காக்கிச் சட்டைதான், கலர் மாறினால் கோழிக்கு ஆகாது. “அங்கென்ன சும்மா நின்னுட்டு இருக்கறீங்க, சோலி கெடக்குது” என்று உஷாராணி எத்தனையோ நாள் பின்னாலிருந்து விரட்டியிருக்கிறாள். “தட்டிட்டு நிக்கோணும் சாமி” என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார்.

பதினொன்றரைக்குத் தனசேகர் வந்தான். தம்பி. சேலம் அஸ்தம்பட்டியில் பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் ‘இக்கணம்’ என்று போர்டு மாட்டி, மனசை அடக்கச் சொல்லிக்கொடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆளுக்கு ஒரு உலர்ந்த திராட்சையைக் கொடுத்துப் பத்து நிமிஷம் மெல்லச் சொல்வானாம். உஷாராணி ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்தாள். படித்தவர்கள், காரில் வந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைத் திராட்சையை அசைபோட்டார்கள். எங்கள் ஊர் மாடு இதைச் சும்மா செய்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

காரிலிருந்து அவனோடு வெள்ளை உடுப்பில் மூன்று சிஷ்யர்கள் இறங்கினார்கள். தனசேகர் அப்பாவின் காலடியில் போய் நின்றான். முகம் கோணிக்கொண்டு வந்தது. உடனே கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு அதைச் சரிசெய்துகொண்டான். பிறகு அக்காவிடம் வந்தான்.

“அக்கா, அழுவ வந்தா வரட்டும். தடுக்காத. அதைத் தள்ளி நின்னு பாரு. உன்ற மூச்சைக் கவனி.”

“மூச்சு நின்னுபோன மனுசன் உள்ள படுத்திருக்கறாரு. அவருகிட்டப் போய்ச் சொல்லு.”

சிஷ்யை ஒருத்தி தலை குனிந்துகொண்டாள். தனசேகர் போனை எடுத்துப் பார்த்து மறுபடி பைக்குள் வைத்தான். வந்ததிலிருந்து அது ஏழாவது தரம். உஷாராணி எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

“கொட்டுக்காரங்க இன்னும் வரலையா? சென்றாயன் செட்டுக்கு நாந்தான் சொல்லியிருக்கறேன்.”

“நீயா? கோழி இருக்கறது உனக்குத் தெரியாதா?”

“ஊர்ல என்ன பேசுவாங்கக்கா? ஒரே மவன் நானு. அப்பனைச் சத்தமில்லாமத் தூக்கிப்போட்டு வந்தான்னு பேசமாட்டாங்களா?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மௌனம் சேலத்துக்கு, கொட்டு ஊருக்கு. ஊரார் என்ன நினைப்பார்கள் என்று பயந்து சாகிறவன் ஊராருக்குப் பயம் போகச் சொல்லிக்கொடுக்கிறான். அதற்கு வெள்ளை உடுப்பு வேறு. த்தூ!

“கொட்டு இங்க அடிச்சா நான் மனுசியா இருக்கமாட்டேன், சொல்லிப்போட்டேன்” என்றுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

பத்து நிமிஷம் இருக்கும். பின்பக்கம் இருந்து அந்தச் சத்தம் வந்தது. நாலாயிரம் கோழி ஒரே நேரத்தில் கூண்டில் அடித்துக்கொள்கிற சத்தம். உஷாராணி கையிலிருந்த காப்பிச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கொட்டகைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வெள்ளை வேட்டி சட்டையோடு தனசேகர் வாசலில் நின்றான். கதவுக்கு உட்புறம் ஆணியில் மாட்டியிருந்த காக்கிச் சட்டை அவன் கையில் இருந்தது.

அவனை ஒரே இழுவையாக வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே அலறல் அடங்க நேரமானது.

“அப்பாவோட சட்டையை அவரு மேல போட்டு அனுப்பலாம்னு வந்தேன்” என்றான்.

“அது போகாது. இந்தக் கோழிக எல்லாம் அந்தச் சட்டையைத்தான் நம்பி இருக்குதுக.” அவள் அதை அவன் கையிலிருந்து உருவினாள். “தட்டுனயா?”

“மறந்துட்டேன்.”

“மூச்சு வுடறதை மறக்காமக் கவனிக்கச் சொல்ற ஆளு, கதவைத் தட்ட மறந்துட்டயாக்கும்.”

அவன் வேட்டியில் ஒட்டின இறகைத் தட்டிவிட்டான். பிறகு, சின்னப் பையன்போல, “எனக்கு மட்டும் ஏக்கா இப்படிப் பறக்குதுக? சின்னதுலருந்தே. அப்பா என்னைய உள்ள வுடவே மாட்டாரு, ஞாவகம் இருக்குதா?” என்று கேட்டான்.

“உள்ளுக்குள்ள நரி ஓடுறவனைக் கோழி கண்டுபுடிச்சுரும்.”

“அதனாலதான் மொத மொதல்ல அந்த வகுப்புக்கே போனேன். ராத்திரி தூக்கமே வராதுக்கா. எதையோ வுட்டுட்டு வந்துட்ட மாதிரியே இருக்கும்.”

“இப்ப நீயே வாத்தியாரு. நல்லாத் தூங்கறயாக்கும்?”

“இல்லக்கா” என்றான். “இன்னும் வர்றதில்ல.”

அதற்கும் ஒன்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. அதற்குள் மேச்சேரிச் சின்னம்மா வந்துவிட்டாள் என்று யாரோ கூப்பிட்டார்கள்.

சின்னம்மா அவளைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, எல்லோரும் கேட்கிறதைத்தான் கேட்டாள். “கடைசியா என்ன சொன்னாரு கண்ணு? நீ பக்கத்துல இருந்தயா?”

“இருந்தனுங்க சின்னம்மா.”

“பால் ஊத்துனயா?”

“ஊத்துனனுங்க. என்ற கையிலதான் உசுரு போச்சு.”

சின்னம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. குடுத்து வச்சவ நீ என்று சொல்லித் தலையைத் தடவினாள். உஷாராணிக்கு அந்தக் கை பட்ட இடமெல்லாம் எரிந்தது.

சொன்னது பச்சைப் பொய். விடிகாலை ஐந்தரைக்கு அவள் டீ கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்தாள். மடிக்க மடிக்கப் பேசினாள். தீவன லாரி இன்னும் வரவில்லை, டிரைவர் போனை எடுக்கமாட்டேன் என்கிறான். உங்கள் மகன் ஒரு போன் பண்ணினானா, அவனுக்கு உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கிறது, பெற்ற அப்பனைப் பார்க்க நேரம் இல்லை. ரிக்கு வண்டியோடு போன என் வீட்டுக்காரர் ஜார்க்கண்டிலேயே குடியிருந்துவிடுவார் போலிருக்கிறது. டீ ஆறுகிறது, எழுந்து குடியுங்கள், உங்களுக்கு ஒரு டீயை மூன்று தரம் சுடவைக்க என்னால் முடியாது. பத்து நிமிஷம் பேசினாள். “கேக்கறீங்களா இல்லையா?” என்று திரும்பினபோது டீயில் ஆடை படிந்திருந்தது. அவர் கை சில்லிட்டுக் கிடந்தது. அவள் உள்ளே வருவதற்கு முன்பே போய்விட்டாரா, பேசிக்கொண்டிருக்கையில் போனாரா, அவளுக்குத் தெரியாது. இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை.

முந்தின நாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சித்த நேரம் உக்காரு சாமி.” அந்த வாரம் முழுக்கவே கேட்டார். “உக்காந்தா சோலியை யாரு பாக்கறது, உங்க மவன் வருவானா?” என்று அவள் எல்லா நாளும் ஒரே பதிலைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

இரண்டு மணிக்குச் சென்றாயன் செட்டு டெம்போவில் வந்து இறங்கியது. உஷாராணி சண்டைக்குச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போனாள். சென்றாயன் பறையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. கொட்டகைப் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

“கோழி ஏற்கெனவே ஒருதடவ மெரண்டிருக்குது போல இருக்குதுங்களே” என்றார். “நாங்க மெயின் ரோட்டுல போய் நிக்கறமுங்க. நீங்க சத்தமில்லாமப் பொட்டாட்டம் அதுவரைக்கும் கொண்டாந்துருங்க. அங்கருந்து சுடுகாடு வரைக்கும் மூணு மடங்கா அடிச்சுத் தீத்தர்றோம். அய்யனுக்குக் கொற வெக்கமாட்டமுங்க.”

இத்தனை பேரில் இந்த ஒரு ஆளுக்குத்தான் காது இருக்கிறது. அவளுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போய், வரிந்து கட்டின முந்தானை இடுப்பில் சும்மா நின்றது.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பாடைத்தேர் வாசலைத் தாண்டுகிறபோது யாரும் பேசவில்லை. எடப்பாடி மாமாவின் வாயை அவர் பெண்சாதி முந்தானையால் பொத்திக்கொண்டு நடந்தாள். செருப்புச் சத்தம், மூங்கில் கிரீச்சிடுகிற சத்தம், அதற்கும் அப்பால் கோழிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற கொக் கொக். தனசேகர் நெருப்புச் சட்டியோடு முன்னால் போனான். அவன் போன் பந்தல் சேரில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மெயின் ரோட்டில் கொட்டு எழும்பியது. தூரத்தில், ஆனால் வஞ்சனை இல்லாமல் அடித்தார்கள். பத்தாயிரம் வாலாவும் அங்கே போய்த்தான் வெடித்தது.

வீட்டைக் கழுவி, தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு உஷாராணி கொல்லைப்பக்கம் வந்தபோது நாலரை. மத்தியான முட்டை இன்னும் எடுக்கவில்லை. வேலைக்கு இருக்கிற அத்தாயி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க போய்ப் படுங்க அம்மணி. நான் எடுத்துக்கறேன்.”

“படுத்தா கிறுக்குப் புடிச்சுரும். நவுரு.”

நாலு மாதமாகப் போடுகிற மாதிரியே அப்பாவின் காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டாள். பித்தானை மாட்டினாள். கதவை மூன்று தட்டுத் தட்டித் திறந்தாள்.

மொத்தக் கொட்டகையும் பறந்தது.

ஒரு வரிசை அல்ல, இந்த முனை முதல் அந்த முனை வரை. இறகும் தூசியும் முகத்தில் அடித்தது. “நாந்தான்!” என்று கத்தினாள். இன்னும் பறந்தன. “சட்டையைப் பாருங்க சனியன்களா, நாந்தான்!” முட்டைகள் உருண்டு கீழே விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. பின்வாங்கிக் கதவை அடைத்தாள். அத்தாயி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“போ அத்தாயி. நீ ஊட்டுக்குப் போ.”

அத்தாயி போனபின் அவள் தகரத்தில் கை வைத்து நின்றாள். சட்டை அதே சட்டை. தட்டினதும் அதே மூன்று தட்டு. தம்பியிடம் சொன்னது அவளுக்கே திரும்பி வந்து மண்டையில் விழுந்தது, உள்ளுக்குள் நரி ஓடுகிறவள். காலையிலிருந்து அவள் துப்பாத ஆள் இல்லை. மாமாவைத் துப்பினாள், தம்பியைத் துப்பினாள், திராட்சை தின்றவர்களைத் துப்பினாள். பக்கத்தில் ஒரு உயிர் போனது தெரியாமல் தீவன லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாய் அவள்தான். நினைத்தவுடன் நெஞ்சு அடித்த அடி தகரத்தில் வைத்த கைக்கே தெரிந்தது.

கோழி அடங்கட்டும் என்றுதான் அப்பா நிற்கிறார் என்று இருபது வருஷமாக நினைத்திருந்தாள். கோழி அரை நிமிஷத்தில் அடங்கிவிடும். ஐந்து நிமிஷம் எதற்கு நின்றார் என்று இப்போதுதான் புரிந்தது.

நின்றாள். வேறு வழி இல்லாமல்தான் நின்றாள். முதலில் தன் நெஞ்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். தகரத்தின் சூடு உள்ளங்கையில் ஏறியது. சட்டைக் காலரில் தீவன வாசனையும் பீடி வாசனையும் இருந்தது. அழுகை வந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கொக் கொக் என்ற பேச்சு உள்ளே பழையபடி ஆரம்பித்தது.

மறுபடி மூன்று தட்டுத் தட்டி, நின்று, கதவைத் திறந்தாள்.

சில கழுத்துகள் திரும்பின. அவ்வளவுதான். இரண்டாவது வரிசை ஓரத்தில் அவர் உட்காருகிற தீவன வாளி கவிழ்த்தபடியே கிடந்தது. கொண்டுபோன அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

“உக்காந்துட்டனுங்கப்பா” என்றாள்.

கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி ஒரு கோழி அவள் சட்டையைப் பார்த்தது. பிறகு மேல் பித்தானைக் கொத்தியது. அவள் அசையவில்லை. அது மறுபடி கொத்தியது.

வெயில் தாழ்ந்து, சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வந்த பேச்சுச் சத்தம் வாசல் பக்கம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஈர வேட்டியின் சளக் சளக் கொட்டகையை நோக்கி வந்து நின்றது.

கதவில் மூன்று தட்டு விழுந்தது.

உஷாராணி திரும்பிப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கம் ஆள் நிற்பது கதவுக்கு அடியில் நிழலாகத் தெரிந்தது. அவள் தம்பியைக் கூப்பிடவில்லை. கோழி பித்தானைக் கொத்திக்கொண்டிருந்தது.